உப்புக் கரையும் மூளைக் குருதிப்பெருக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மேற்குக் கரையிலே, வென்னப்புவ தொடக்கம் கற்பிட்டி முனைக்கு அப்பாலும் நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டம் மீனும் தென்னையும் மிக்கது. எனினும் நெடுங்காலமாக அதற்குப் பெயர் தேடித் தந்தது உப்பேயாகும். 1344 ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா வந்திறங்கிய 'பத்தாள' என்னும் இடம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியை அவர் சந்தித்தார். மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் சிறையிருப்பில் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் இத்துறையைக் குறிப்பிடுகிறார். மன்னனுடைய நாட்டுக்கு உப்பும் மீனும் இங்கிருந்தே சென்றன என்பது அவர் தரும் செய்தியாகும்.

இவ்வளம் இயற்கையின் கொடையாகும். புத்தளம் கடல்நீரேரியின் வாய் வடக்கே ஒதுங்கிக் கிடப்பதால் அதன் உட்பகுதியில் நீரோட்டம் குறைவு; வெயிலும் காற்றும் மிகுதி. எனவே ஏரிநீரே கடல்நீரினும் உவர்ப்பேறுவது உண்டு. அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிற் செறிவடையச் செய்து, ஈற்றுப் பாத்தியில் உப்பை விளைவித்து வாருவர். கடலற்ற மலைநாட்டு அரசுக்கு இவ்வுப்பு இன்றியமையாதது. இதனை நன்குணர்ந்த ஒல்லாந்தர் 1667 இற்கும் 1676 இற்கும் இடையில் கற்பிட்டியிற் கோட்டை கட்டி ஏரியின் வாயிலைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டனர். 1766 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. 1795 இல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்களும் உப்பை அரசின் தனியுரிமையாக்கி வருவாய் ஈட்டினர். 1834 இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை ஆக்கிய சைமன் காசிச்செட்டி (1807–1860) இக்கற்பிட்டியில் பிறந்தவரே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

உப்பின் இந்த அரசியல் வரலாறு பலரும் அறிந்தது. அதே உப்புக்கு மனித உடலினுள்ளும் ஒரு வரலாறு உண்டு. மிகை உப்பு குருதியமுக்கத்தை உயர்த்துகிறது; உயர்ந்த அமுக்கம் மூளையின் நுண்ணிய நாடிகளைச் சிதைக்கிறது; சிதைந்த நாடி வெடித்தால் மூளைக்குள் குருதி பெருகுகிறது. ஊர்வழக்கிற் பாரிசவாதம் என வழங்கும் நோயின் மிகக் கொடிய வடிவம் இதுவேயாகும். அண்மைக் காலத்தில் இந்நோய்க்குச் சிறுதுளைச் சத்திரசிகிச்சை என்னும் புதிய வழி பிறந்துள்ளது. அது எவ்வாறு பிறந்தது, புத்தளக் கரை போன்றதொரு பிரதேசத்துக்கு அதனாற் கிடைக்கக்கூடியது யாது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்றவன் நின்றவாறே விழுந்து, ஒரு பக்கம் செயலிழந்து, பேச்சற்றுப் போகும் இந்நோயைப் பண்டைய வைத்தியர் எல்லா நாடுகளிலும் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை உடலின் தோடங்களிலும் வாயுக்களிலும் தேடினர். சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியரான யோகான் யாக்கோப்பு வெப்பர், இறந்தோரின் மூளையை அறுத்து ஆராய்ந்து, சிலரில் அங்கே குருதி உறைந்து கிடப்பதைக் கண்டு 1658 இல் எழுதினார். 1761 இல் இத்தாலியரான மோர்காஞ்ஞி, நோய்களின் இருப்பிடத்தை உடலுறுப்புக்களிலேயே தேடவேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டினார். 1868 இல் பிரெஞ்சு வைத்தியர்களான சார்க்கோ, பூசார் ஆகிய இருவரும் மூளையின் நுண்ணாடிகளில் சிறு வீக்கங்கள் இருத்தலைக் காட்டி, குருதிப்பெருக்கின் தோற்றுவாய் அவையே என்றனர். வீக்கம் பற்றிய அவர்களது கருத்து பின்னர் விவாதத்துக்குள்ளாயிற்று. ஆயினும் நோயின் வேர் நாடியின் சுவரிலே உள்ளது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

நாடிச் சுவரைத் தாக்கும் விசையை அளக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 1896 இல் இத்தாலியரான றிவா-றொச்சி, கையிற் கட்டும் காற்றுப்பட்டியுடன் கூடிய குருதியமுக்கமானியை உருவாக்கினார். 1901 இல் இத்தாலியின் பாவியா நகரில் இக்கருவியைக் கண்ட அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் ஹார்வே குஷிங் அதனைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். மூளை நெருக்குண்ணும்போது குருதியமுக்கம் உயர்வதை ஆராய்ந்து 1903 இல் எழுதியவரும் அவரே. 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொறொற்கொவ், பட்டியின் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையை அறிவித்தார். இன்று கிராமத்துச் சிகிச்சை நிலையங்களிலும் காணப்படும் அக்கருவி, மூளைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றோடு இவ்வாறு தொடக்கத்திலேயே பிணைந்தது.

உப்பின்மேல் ஐயம் எழுந்ததும் இதே காலத்திலாகும். 1904 இல் பிரான்சில் அம்பார், பொசார் என்போர் உப்பையும் உயர் குருதியமுக்கத்தையும் தொடர்புபடுத்தினர். 1940 களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ற்றர் கெம்ப்னர், உப்பில்லாத சோறும் பழமும் மட்டும் கொடுத்துக் கடும் நோயாளரின் அமுக்கத்தைக் குறைத்துக் காட்டினார். 1988 இல் வெளிவந்த 'இன்ரர்சோல்ற்' ஆய்வு 32 நாடுகளின் 52 நிலையங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து இத்தொடர்பை உலகளவில் ஆராய்ந்தது. வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாகும். இலங்கையர் உண்ணும் உப்பு இவ்வளவை மிஞ்சுகிறது என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழமொழி வழங்கும் சமூகத்தில், கருவாடும் ஊறுகாயும் சம்பலும் அன்றாட உணவாகும் வீடுகளில், இது வியப்பன்று.

இனிச் சத்திரசிகிச்சையின் கதைக்கு வருவோம். 1879 இல் கிளாஸ்கோவில் வில்லியம் மக்கியூவன், நோயாளியின் உடற்குறிகளைக் கொண்டே மூளையில் நோயின் இடத்தைக் கணித்துச் சத்திரசிகிச்சை செய்து வெற்றி கண்டார். மூளையைத் திறக்கலாம் என்னும் துணிவு அதன்பின் வளர்ந்தது. குருதிப்பெருக்குக்கும் அவ்வாறே செய்யலாம் எனத் தோன்றியது இயல்பே. உறைந்த குருதி மூளையை நெரிக்கிறது. அதனை அகற்றினால் நெரிவு நீங்கும். வாதம் எளிமையானது, ஆயின் செயல் எளிமையாக அமையவில்லை. உயர் அமுக்கத்தால் வரும் பெருக்குப் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் நிகழ்வது. அங்குச் செல்ல வேண்டுமாயின் மண்டையோட்டை அகலத் திறந்து, நோயற்ற மூளையைக் கிழித்துச் செல்லவேண்டும். நோய் அழித்ததன்மேல் மருந்தும் ஒரு பங்கை அழித்தது எனலாம்.

இந்த ஐயத்தை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர் இலண்டன் சத்திரசிகிச்சையாளர் வைலி மக்கிசொக் ஆவார். அவரும் துணைவரும் 180 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை செய்தும், மற்றப் பிரிவினருக்குச் செய்யாதும் ஒப்பிட்டனர். 1961 இல் வெளிவந்த முடிவு சத்திரசிகிச்சையாளரின் நம்பிக்கையைக் குலைத்தது. ஆறு மாதத்தினுள் இறந்தோர், சத்திரசிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 65. பெறாதவருள் நூற்றுக்கு 51. தமது கைத்தொழிலுக்கு எதிரான சான்றைத் தாமே தேடி வெளியிட்ட அந்நேர்மை மருத்துவ வரலாற்றிற் போற்றத்தக்கது.

அக்காலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. உயிருள்ள மனிதனின் மூளையிற் குருதி எங்கே, எவ்வளவு உறைந்துள்ளது என்பதை நேரிற் காட்டும் வழி இல்லை. 1971 ஒக்டோபர் 1 ஆம் நாள், இலண்டன் விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சி.ரி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979 இல் ஹவுன்ஸ்பீல்ட்டும் அலன் கோமக்கும் நோபல் பரிசு பெற்றனர். கண்ணாற் கண்டபின் கை செல்லும் வழியும் மாறியது. 1978 இல் சுவீடனைச் சேர்ந்த பாக்லண்ட், வொன் ஹோல்ஸ்ற் ஆகியோர் மண்டையோட்டில் இட்ட சிறுதுளை வழியே குழாயைச் செலுத்தி, அதனுள் சுழலும் திருகினால் உறைகுருதியை உடைத்து உறிஞ்சும் முறையை அறிவித்தனர். 1989 இல் ஒஸ்திரியாவின் அவர் என்பவரும் குழுவினரும் உள்நோக்கி கொண்டு உறைகுருதியை அகற்றி, 100 நோயாளரில் அதனை ஒப்பிட்டு நோக்கினர். ஆறு மாத முடிவில் இறப்பு நூற்றுக்கு 70 இலிருந்து 42 ஆகக் குறைந்திருந்தது.

ஆயினும் பெரும்பாலான வைத்தியசாலைகளில் பழைய திறந்தமுறையே நிலவியது. 2005 இல் வெளிவந்த 'ஸ்ரிச்' என்னும் பன்னாட்டு ஆய்வு 1033 நோயாளரை உள்ளடக்கியது. முற்படச் செய்யும் சத்திரசிகிச்சையாற் பொதுவான நன்மை எதனையும் அது காணவில்லை. மூளையின் மேற்பரப்பை அண்மித்த பெருக்குக்களை மட்டும் எடுத்து நோக்கிய அதன் இரண்டாம் ஆய்வு (2013) தானும் தெளிவான விடை தரவில்லை. வினா இப்போது கூர்மையடைந்தது. குருதியை அகற்றுதல் பயனற்றதா? அன்றி, அகற்றச் செல்லும் வழிதான் தீங்கானதா?

இவ்வினாவுக்கு இரு ஆய்வுகள் விடை தேடின. முதலாவது, 2019 இல் வெளிவந்த 'மிஸ்ரி' மூன்றாம் ஆய்வாகும். இதிற் சத்திரசிகிச்சையாளர் உறைகுருதியினுள் மெல்லிய குழாயொன்றை வைத்து, உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்திச் சில நாட்களில் அதனை வடியவிட்டனர். ஓராண்டின் பின் நன்கு தேறியோர், இச்சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 45, பெறாதவருள் 41. இவ்வேறுபாடு உறுதியானதெனக் கொள்ளத்தக்கதன்று. எனினும் எஞ்சிய உறைவை 15 மில்லிலீற்றருக்குள் குறைக்க முடிந்தவர்களிடம் தேறுதல் மேம்பட்டிருந்தது. இரண்டாவது, 2024 இல் வெளிவந்த 'என்றிச்' ஆய்வாகும். அமெரிக்காவின் 37 நிலையங்களில், நோய் கண்ட 24 மணித்தியாலத்தினுள், 300 நோயாளர் இதிற் சேர்க்கப்பட்டனர். மூளையின் மடிப்புக்களுக்கு இடையே, நரம்பு நார்களின் போக்கை ஒட்டி, ஏறத்தாழ ஒரு விரற்பருமனான குழாயைச் செலுத்தி அதன் வழியே குருதி அகற்றப்பட்டது. நார்கள் அறுபடாமல் விலகி இடம்விடுதலே இம்முறையின் நுட்பமாகும். ஆறு மாத முடிவிற் சிகிச்சை பெற்றோரின் செயற்றிறன் மேம்பட்டிருந்தது. முப்பது நாளில் இறந்தோர் நூற்றுக்கு 18 இலிருந்து 9.3 ஆகக் குறைந்தனர். மக்கிசொக்கின் ஆய்வுக்கு அறுபத்துமூன்று ஆண்டுகளின் பின் சத்திரசிகிச்சைக்குச் சார்பான உறுதியான சான்று கிடைத்தது.

இவ்வெற்றியின் எல்லையையும் நேர்மையாக நோக்கவேண்டும். 'என்றிச்' ஆய்வின் நன்மை மூளையின் மேற்பரப்பை அண்மித்த பெருக்குக்களிலேயே வெளிப்பட்டது. ஆழத்துப் பெருக்குக்களில் நன்மை தோன்றாமையால் அத்தகைய நோயாளரைச் சேர்ப்பது இடைநடுவே நிறுத்தப்பட்டது. நெடுங்காலம் கவனியாது விட்ட உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் உண்டாக்குவது ஆழத்துப் பெருக்கையேயாகும். எனவே ஏழை நாடுகளின் கரையோரங்களில் மிகுதியாகக் காணத்தக்க நோய்க்குப் புதிய கருவி இன்னும் முழு விடையாகவில்லை.

ஆழத்துப் பெருக்கினருக்கும் பயன்தரும் வேறொரு சான்று 2023 இல் வெளிவந்தது. 'இன்ரராக்ற்' மூன்றாம் ஆய்வு பத்து நாடுகளின் 121 வைத்தியசாலைகளில் 7036 நோயாளரிடம் நடந்தது. அந்நாடுகளுள் இலங்கையும் இந்தியாவும் அடங்கும். அங்கே செய்யப்பட்டவை எளியன. உயர்ந்த குருதியமுக்கத்தை ஒரு மணித்தியாலத்தினுள் 140 இற்குக் கீழே கொணர முயலுதல், குருதிச் சீனியையும் காய்ச்சலையும் அடக்குதல், குருதி உறையாமல் தடுக்கும் மருந்து உண்டவராயின் அதன் விளைவை மாற்றுதல் ஆகிய நான்குமே அவை. இவற்றை ஒருங்கே செய்தபோது நோயாளரின் தேறுதல் மேம்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஒழுங்கும் விரைவும் பயிற்சியுமே வேண்டும்.

இத்தகைய சிகிச்சைக்கு இலங்கை எவ்வகையில் ஆயத்தமானது? 1848 இல் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசனறி சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் வெளியிட்டார். 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது. மூளைக்கும் நரம்புக்கும் உரிய தனித்துறை பின்னரே வந்தது. தென்னிந்தியாவில் 1949 இல் வேலூரில் யாக்கோபு சாண்டியும், 1950 இல் சென்னையில் பா. இராமமூர்த்தியும் அத்துறையைத் தொடங்கினர். கொழும்புப் பொது வைத்தியசாலையில் 1956 இல் ஷெல்ரன் கப்ரால் அதற்கு வித்திட்டார். அத்துறை நகரங்களிலேயே வேரூன்றியது. தேர்ந்த கையும் நுண்கருவியும் தீவிர பராமரிப்புக் கட்டிலும் ஓரிடத்திற் கூடவேண்டிய தொழிலுக்கு அது தவிர்க்கவியலாததே.

இந்நிலையிற் புத்தளக் கரையை மீண்டும் நோக்கலாம். புத்தளம் நகரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர். கற்பிட்டிக்கு வடக்கே பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் தங்கி மீன்பிடிப்போருக்கோ முதற்பயணம் படகிலேயே தொடங்குகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திற் குடியேறினர். கரையோரத்தின் சனத்தொகை அதனாற் பெருகியது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த '1990 சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை தூரத்தின் கொடுமையைச் சற்றுத் தணித்துள்ளது. ஆயினும் விடியற்காலையிற் படகிலோ உப்பளத்திலோ ஒருவர் சாயும்போது, உடனிருப்போர் அதனை மயக்கம் எனக் கருதித் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தால், அம்புலன்ஸ் வருமுன்பே பொன்னான நேரம் கழிந்துவிடும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனக் கடுந்தலையிடி தோன்றுதல் ஆகியவற்றை நோயின் குறியென ஊரார் அறிவது, சத்திரசிகிச்சைக் கூடத்திற் புதிய கருவி இருப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அதனினும் முதன்மையானது நோயை வாராமற் காத்தலாகும். 2021 ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி இலங்கையில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உயர் குருதியமுக்கம் உடையவர். இதற்கான மருந்துகள் மலிவானவை. மூன்று மருந்துகளைச் சிறிய அளவிற் சேர்த்த ஒரே குளிசையை இலங்கை நோயாளர் 700 பேரிடம் சோதித்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் அமுக்கம் இலக்கை எட்டியோர், அக்குளிசை உண்டவருள் நூற்றுக்கு 70. வழமையான சிகிச்சை பெற்றவருள் 55. இச்சான்று இலங்கை மண்ணிலேயே விளைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உப்பைப் பொறுத்தவரையில், 2021 இல் வெளிவந்த சீன ஆய்வு சிறப்பாக நோக்கத்தக்கது. 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த இவ்வாய்வில், வழமையான உப்புக்குப் பதிலாக நாலில் ஒரு பங்கு பொற்றாசியம் குளோரைட்டுக் கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பாரிசவாதம் நூற்றுக்கு 14 வீதம் குறைந்தது. ஆயின் சிறுநீரக நோயாளருக்குப் பொற்றாசியம் ஆபத்தானது. சிறுநீரக நோய் பரவியுள்ள வட மத்திய மாகாணம் புத்தளத்துக்கு அயலிலேயே உள்ளமையால், இம்முறையை இங்கே கண்மூடித்தனமாகப் புகுத்துதல் தகாது. உப்பை மாற்றுதல் எச்சரிக்கையை வேண்டுவது. உப்பைக் குறைத்தல் எவருக்கும் எளிதானது. உப்பின் வழியே நாட்டு நலம் பேணுதலும் இலங்கைக்குப் புதிதன்று. 1995 இல் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டு, கழலை நோய்க்கு எதிரான போர் அடுக்களையிலிருந்தே தொடங்கப்பட்டது.

ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டியபோது, யாருக்கு எவ்வளவு உப்பு என்பதை அதிகாரம் முடிவு செய்தது. இன்று அந்த அளவை வீட்டு அடுக்களை முடிவு செய்யலாம். மூளைக்குட் செல்லும் வழியை மருத்துவம் முந்நூற்றைம்பது ஆண்டு முயற்சியால் ஒரு விரலளவுக்குக் குறுக்கிவிட்டது. கற்பிட்டிக் கரையிலிருந்து சத்திரசிகிச்சைக் கட்டில் வரை செல்லும் வழியோ இன்னும் அவ்வாறு குறுகவில்லை. அதனைக் குறுக்குதல் அரசின் கடன். அவ்வழியிற் செல்லவேண்டியோரின் தொகையைக் குறைத்தல் சமூகத்தின் கடன். குருதியமுக்கமானியின் பட்டியை உரிய காலத்திற் கையிற் கட்டிக்கொள்ளும் உப்பளத் தொழிலாளி, மண்டையோட்டில் துளையிடும் தேவையையே பெரும்பாலும் தவிர்த்துக்கொள்கிறார். மூளைச் சத்திரசிகிச்சையின் வரலாறு உப்புக் கரைக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.